மூன்றுக்கு அடுத்த வரிசை

ஊர்ச் சங்கு நண்பகலுக்கு ஊதியதும் கினு மூடியைத் திறப்பாள். சோற்றுக் கிண்ணத்தின் மூடி. கறுப்பு அரக்குப் பூசியது, மகன் மசுவோவுடையது. உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அதை மருமகளிடம் நீட்டிக் காட்டுவாள். "பாத்தியா, வேத்திருக்கு. எங்கயோ நல்லாத்தான் இருக்கான்" என்பாள்.

வீட்டை விட்டுப் போனவனுக்கு அவன் இடத்தில் சாப்பாடு வைப்பதும், மூடி வேர்த்தால் அவன் உயிரோடிருக்கிறான் என்று தேறிக்கொள்வதும் அந்த மலையடிவாரத்தில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். மருமகள் ஓரியே மட்டும் மனசுக்குள் கேட்டுக்கொள்வாள். கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு மூடினால் வேர்க்காமல் என்ன செய்யும்? காற்றும் ஈரமும்தான் அவள் பிழைப்பே. ஆனாலும் கிழவியிடம் அதைச் சொல்லும் அளவுக்கு அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. தலையாட்டிவிட்டுத் தன் கிண்ணத்தை எடுத்துக்கொள்வாள்.

மசுவோ போன இலையுதிர் காலத்தில் மூடுபனியில் எதிர் மலைக்குப் போனவன். திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இருக்கிறானா என்பது கினுவின் கேள்வி. எங்கே என்பது ஓரியேவின் கேள்வி. ஒரே அடுப்பில் பொங்கித் தின்றுகொண்டு, இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கேள்வியோடு ஒரு பனிக்காலத்தைத் தள்ளிவிட்டார்கள்.

வீட்டுக்கு மேலே குன்றின் தலையை மழித்துக் கட்டிய ரேடாரை வடிவமைத்தவள் ஓரியே. விமான நிலையத்தில் சுற்றுமே, அந்த மாதிரிக் கிண்ணம் இல்லை இது. மைதானம் முழுக்க வரிசை வரிசையாக மீன்முள் போன்ற ஆன்டெனாக்கள், எதுவும் இருந்த இடத்தை விட்டு அசையாது. எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் பேசினால் அலை நேராக மேலே போகும். ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையைவிட மயிரிழை தாமதித்துப் பேசினால் அலை ஒரு பக்கம் சாயும். எந்த வரிசை எவ்வளவு தாமதிக்க வேண்டும் என்பதுதான் ஓரியேவின் கணக்கு. அதை மாற்றினால் போதும், ஒரு திருகைத் தொடாமல் வானத்தின் எந்த மூலையையும் பார்க்கலாம். மேகத்துக்கும் மேலே அடிக்கிற காற்று எந்தப் பக்கம், என்ன வேகம் என்று தரையில் உட்கார்ந்தபடி சொல்லலாம்.

கணக்கு அவளுடையது, களம் அவனுடையது. ஆன்டெனா நட்டது, கேபிள் இழுத்தது, வரிசைக்கு வரிசை எண் பலகை மாட்டியது எல்லாம் மசுவோ. ஆட்களுக்கு முன்னால் அவளைக் கணக்குப்புலி என்று கிண்டலடிப்பான். வீட்டில் அவனே ஒரு கோளாறு. தூக்கத்தில் மூச்சு இரண்டு முறை வரும், பிறகு நின்றுவிடும். ஓரியே காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். பொறுக்க முடியாமல் போனதும் விலாவில் ஒரு இடி இடிப்பாள். நீளப் பெருமூச்சாக மறுபடி புறப்படும். கல்யாணமானதிலிருந்து அவளுக்கு அரைத் தூக்கம்தான்.

காணாமல் போன அன்றும் அவன் அவள் கணக்குக்காகத்தான் போனான். சாய்த்த அலை சொன்ன இடத்தைத்தான் பார்க்கிறதா என்று சோதிக்க வேண்டும். எதிர் மலை முகட்டில், பாதையோரம், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய, வழிப்போக்கரைக் காக்கும் ஜிஸோ சாமியின் கற்சிலை ஒன்று உண்டு. அங்கே ஒரு சின்ன ஒலிபரப்புப் பெட்டியை வைத்து, அது போடும் சத்தத்தை இங்கிருந்து கேட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. மசுவோ பெட்டியையும் கம்பிச் சுருளையும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். பாதி வழியில் மூடுபனி இறங்கிவிட்டது.

பிறகு நடந்த வயர்லெஸ் பேச்சு ஓரியேவுக்கு மனப்பாடம். போலீஸ் கேட்டபோதும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள்.

"ஜிஸோகிட்டதான் நிக்கிறேன். கைல துணி தட்டுப்படுது."

"அது வேற ஜிஸோவா இருக்கும். சத்தம் சரியாவே வரல. நீங்க கிழக்கால தள்ளி நிக்கிறீங்க, மேற்க வாங்க."

"இந்தப் பனில என் மூக்கே எனக்குத் தெரியல. உன் கணக்குக்கு நான் நிக்கிற இடம் தெரியுதாக்கும்."

"கணக்குக்குப் பனி கிடையாது. பேசாம வாங்க."

அவன் சிரித்தான். நடக்க நடக்கப் பெட்டியின் சத்தம் வலுத்தது. உச்சத்துக்கு வந்ததும் அவள் சொன்னாள், "அங்கதான். நில்லுங்க."

"நிக்கிறேன்" என்றான். அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

ஆனால் பெட்டி பேசிக்கொண்டே இருந்தது. ஆள் ஜிஸோ சிலையருகில்தான் இருக்கிறார் என்று ஓரியே அடித்துச் சொன்னாள். தேடப் போனவர்கள் சிலையைச் சுற்றி நின்றுகொண்டு, இங்கே ஒரு ஈ காக்கை இல்லையே என்றார்கள். ரேடாரிலோ சத்தம் அந்த இடத்திலிருந்துதான் கணீரென்று வந்தது. பனியில் நின்றவர்களுக்கு முடி சிலிர்த்துவிட்டது. கிழக்கே இருந்த இன்னொரு ஜிஸோ வரைக்கும் புதர் புதராகக் குத்திப் பார்த்தார்கள். பெட்டியின் பேட்டரி தீர்ந்து சத்தம் அடங்கியதும், மலை ஆளை ஒளித்துவைத்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது. பிறகு குளிர்காலப் பனி கொட்டிப் பாதை மூடிவிட்டது.

வசந்தம் வந்து பனி உருகியதும் ரேடாரை ஒப்படைக்கும் வேலை சூடுபிடித்தது. வானத்தைப் பார்க்கும்போது சுற்றியுள்ள மலைகளின் எதிரொலி குறுக்கே வரும். அதையெல்லாம் முன்கூட்டியே அளந்து ஒதுக்க வேண்டும். திட்டத் தலைவர் ஹோசுமி தினமும் நண்பகலை ஒட்டி அலையை ஒவ்வொரு மலையாகச் சாய்த்துப் பார்த்தார். மனிதர் எதற்கும் லேசில் அசையாதவர். மலையும் கல்லும் நகராது, அதனால் அவற்றின் எதிரொலி திரையில் ஆணியடித்த மாதிரி நேர்கோடாக நிற்கும்.

ஜிஸோ பக்கம் சாய்த்தபோது கோடு நிற்கவில்லை. மெல்ல மேலே ஏறியது, இறங்கியது. ஏதோ ஒன்று கொஞ்சம் நெருங்கி வருகிறது, கொஞ்சம் விலகிப் போகிறது என்று அதற்கு அர்த்தம். மரம் ஆடுகிறது என்றார் ஹோசுமி. அன்று இலைகூட அசையவில்லை.

ஓரியே பார்த்துக்கொண்டே நின்றாள். கோடு ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவளுக்கே தெரியவில்லை. முழங்கை மட்டும் தானாகப் பக்கத்தில் இடிக்கப் போய் வெறும் காற்றில் நின்றது. அப்போது கோடு நீளமாக, நிதானமாக எழுந்து இறங்கியது. ஓரியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

ஹோசுமியிடம் அவள் காரணம் சொல்லவில்லை. சொன்னால் மாமியாரோடு சேர்த்து அவளுக்கும் மூளை குழம்பிவிட்டது என்பார். நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை முகட்டுக்கு ஏறினாள். நல்ல வெயில். ஜிஸோ சிலை பனிக்காலத்தில் துணி வெளுத்து, மூக்கு தேய்ந்து, சாதுவாக நின்றது. அதன் கழுத்துத் துணியில் கையை வைத்துக்கொண்டு வயர்லெஸ்ஸில் ஹோசுமியைக் கூப்பிட்டாள். இப்போது எப்படி என்று கேட்டாள்.

"ஏறி இறங்குது நிஷிவாகி-சான். நேத்து மாதிரியேதான்." குடும்பப் பெயர் சொல்லித்தான் ஹோசுமி அவளைக் கூப்பிடுவார். "நீங்க நெஜமா அங்கதான் நிக்கிறீங்களா? நீங்க போயும் இங்க ஒரு மாத்தமும் தெரியலியே."

கல் அசையவில்லை, குளிர்ந்துதான் கிடந்தது. அவள் காதை அதன் மார்பில் வைத்துக்கூடப் பார்த்தாள். படித்தவள் செய்கிற காரியமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தும் வைத்த காதை எடுக்க மனமில்லாமல் நின்றாள்.

இறங்கி வரும் வழியில் கடையில் ஓக் இலையில் மடித்த கொழுக்கட்டை கண்ணில் பட்டது. வசந்தத்தில் மசுவோ அதற்குப் பறப்பான். மிச்சம் இருந்ததை அப்படியே வாங்கி வந்து, அவன் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் தட்டில் அடுக்கி வைத்தாள். கினு வந்து பார்த்தாள், முகம் சிவந்துவிட்டது. ஒன்றை வெடுக்கென்று எடுத்து மருமகள் கையில் திணித்தாள்.

"எண்ணி வாங்கத் தெரியாதா உனக்கு? அவன் தட்டுல போயா அந்த எண்ணிக்கை வைப்பே?"

தட்டில் இருந்தது நாலு. அவர்கள் மொழியில் நாலுக்கும் 'ஷி'தான், சாவுக்கும் 'ஷி'தான். தங்கும் விடுதியில் அந்த எண்ணில் அறை இருக்காது, ஆஸ்பத்திரியில் அந்த எண்ணில் கட்டில் இருக்காது. ஓரியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். கினுவுக்குக் கோபம் ஆறவில்லை, முணுமுணுத்துக்கொண்டே தட்டைச் சரிசெய்தாள்.

"அவனுக்கு இருந்த விவரம் உனக்கு இல்ல. மேல பலகை எழுதறப்போ என்னைக் கேட்டான். ஆளுங்க நடமாடற எடத்துல அதை மாட்டாதடான்னேன். விட்டுட்டேம்மான்னான்."

"எதை விட்டார்?"

"அதைத்தான்" என்றாள் கினு. அந்தச் சொல்லை வாயால் சொல்ல அவள் தயாராக இல்லை.

ஓரியே கொழுக்கட்டையை அப்படியே கீழே வைத்தாள். சங்கு ஊதும் நேரம், மூடியைப் பார்க்காமல் எங்கே ஓடுகிறாய் என்று கிழவி கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

மைதானத்தின் ஓரமாக நடந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஐந்து. மசுவோவின் உருண்டையான கையெழுத்து, வெள்ளைப் பெயின்ட். அந்தப் பலகைகளை அவள் தினமும் பார்த்தாள். பார்த்தும் என்ன? பிறந்ததிலிருந்து மூன்றுக்கு அடுத்து ஐந்து வருவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் என்ன உறுத்தும்? பதின்மூன்றுக்கு அடுத்துப் பதினைந்து. இருபத்து மூன்றுக்கு அடுத்து இருபத்தைந்து. எண்தான் விடுபட்டிருந்தது, வரிசைகளுக்கு நடுவே இடைவெளி ஏதும் விடவில்லை, அடுத்தடுத்தே நின்றன.

அவள் கணக்கு பலகை எண்ணை வைத்துத்தான் வரிசை எங்கே நிற்கிறது என்று புரிந்துகொண்டது. நாலாவதாக நிற்கும் வரிசையை ஐந்தாவது என்று நம்பி, ஒரு பங்கு கூடுதலாகத் தாமதிக்கச் சொன்னது. போகப் போக இரண்டு பங்கு, மூன்று பங்கு. நேர் மேலே பார்க்கும்போது தாமதமே கிடையாது, அதனால் தப்பு தெரியவில்லை. சாய்க்கச் சாய்க்கத்தான் தப்பு வளர்ந்தது. வளர்ந்து, அலையை மேற்கே தள்ளியது.

அவன் பலகையில் அந்த எண்ணை விட்டான், அவள் கணக்கில் விடவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இதையெல்லாமா வாய்விட்டுச் சொல்வார்கள்?

ஓரியே சிமென்ட் அடித்தளத்தில் உட்கார்ந்துவிட்டாள். கைல துணி தட்டுப்படுது என்றான். தட்டுப்பட்டிருக்கும். அவன் சரியான ஜிஸோவின் அருகில்தான் நின்றிருந்தான். பேசாமல் வாருங்கள் என்று சொல்லி, அங்கிருந்து அவனை மேற்கே கூப்பிட்டவள் அவள். ஒரு அடி, இன்னொரு அடி என்று கூப்பிட்டு, நில்லுங்க என்று சொன்ன இடம் எது என்பதைத் தெரிந்துகொள்ள அவளுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. ஜிஸோவுக்கு மேற்கே பாதை அறுந்து கரடிப் பள்ளம் என்னும் பாதாளத்தில் விழுகிறது. தேடினவர்களை அந்தப் பக்கமே போகவிடாமல் செய்ததும் அவள் கணக்குதான். அவளுக்கு அழுகை வரவில்லை. தன் மேல் வந்த ஆத்திரத்தில் உள்ளங்கையைச் சிமென்டில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஹோசுமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தொலைபேசியை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டார். கணக்கை உடனே திருத்தலாமா என்று கேட்டவரிடம், மசுவோவை மேலே தூக்கும்வரை அதைத் தொடவேண்டாம் என்று ஓரியே கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டாள்.

கயிறு கட்டி இறங்கியவர்கள் அன்று சாயங்காலமே மசுவோவைக் கண்டுபிடித்தார்கள். அவள் சொன்ன இடத்துக்கு நேர் கீழே கிடந்தான். விழுந்த மாத்திரத்தில் உயிர் போயிருக்கும், பள்ளத்தில் உருகாமல் கிடந்த பனிதான் உடலைக் காத்து வைத்திருக்கிறது என்றார் டாக்டர். பெட்டி பேட்டரி கசிந்து கிடந்தது. கம்பிச் சுருள் பிரிந்து இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கியது. கூட இறங்கியிருந்த ஹோசுமிக்கு அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. கம்பி ஆடியிருக்கிறது, நாம் பார்த்தது அதைத்தான் என்றார். கம்பியைத் தானே அறுத்துச் சுருட்டிக்கொண்டார். ஓரியே அவரை மறுக்கவில்லை. அதை நம்ப அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து, தலையை வடக்கே வைத்துக் கிடத்தினார்கள். கினு மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. மறுநாளும் வழக்கம்போலச் சோறு பொங்கிக் கறுப்புக் கிண்ணத்தில் போட்டு மூடி, சாப்ஸ்டிக் குச்சி இரண்டையும் பக்கத்தில் படுக்கவைத்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்தவனுக்கு வைக்கும் சோறு வேறு மாதிரி, அதில் சாப்ஸ்டிக் நட்டுக்குத்தாக நிற்க வேண்டும். அதை அவளிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. ஹோசுமி. குரலே அவருடையதாக இல்லை.

"நிஷிவாகி-சான், துக்க வீட்டுல கூப்பிடறேன், மன்னிச்சிடுங்க. அது இன்னும் இருக்கு."

"எது?"

"கம்பி என் மேஜை மேல கிடக்கு. அவரு உங்க வீட்டுல இருக்காரு. இங்க அது ஏறி இறங்கிட்டேதான் இருக்கு. கணக்கைத் திருத்தினா அலை அந்தப் பக்கம் போகாது, தெரியும். ஆனா என் கையால அதைச் செய்ய மாட்டேன். நீங்க வாங்க."

ஓரியே துக்க உடையோடு குன்றேறினாள். ஹோசுமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, திருத்திய கணக்கை ஏற்றித் தயாராக வைத்தாள். ஒரு விசையை அமுக்கினால் போதும். கோடு ஏறி இறங்கியது, மறுபடி ஏறி இறங்கியது. காலையில்தான் அவன் உடம்பைத் துடைத்துவிட்டு வந்திருந்தாள், கட்டை மாதிரி இருந்தது. அப்படியானால் பள்ளத்தில் தூங்குவது யார்? இந்தத் தப்பான அலை போய்த் தொடுவதால்தான் அது மூச்சு விடுகிறதா? தப்பை அப்படியே விட்டுவைத்தால் தினமும் வந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அவளுக்கு அது போதும் என்றுகூடத் தோன்றியது. பிறகு, இத்தனை மாதமாகப் பனியில், ஈரத்தில், நில்லுங்க என்று அவள் சொன்ன இடத்திலேயே அவன் நின்றுகொண்டிருக்கிறான் என்று நினைத்தாள்.

கோடு நின்றது. எப்போதும் நிற்கும் இடம்தான். முழங்கை எழுந்தது. அவள் அதை மற்ற கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள்.

"போதும், வாங்க" என்று சொல்லி விசையை அமுக்கினாள்.

அலை ஜிஸோவின் பக்கம் திரும்பியது. திரையில் கல்லின் நேர்கோடு ஆடாமல் அசையாமல் வந்து நின்றது. கீழே ஊரில் சங்கு ஊதியது.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது வந்தவர்கள் எல்லோரும் அடுத்த அறைக்கு ஒதுங்கியிருந்தார்கள். கினு மட்டும் மகன் தலைமாட்டில், கையில் மூடியோடு உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்துச் சோற்றிலிருந்து ஆவி புகையாக எழுந்துகொண்டிருந்தது. கினு மூடியைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் துடைத்து வைத்த மாதிரி காய்ந்து கிடந்தது. ஓரியே விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் ஈரம் ஒட்டவில்லை.

"மேல எதையாவது நிறுத்தினியா?" என்று கேட்டாள் கினு.

"தப்பா இருந்ததைச் சரி பண்ணினேன் அத்தை." ஓரியே தரையில் நெற்றி படக் குனிந்தாள். மீதியை அப்படியே, தரையைப் பார்த்தே சொன்னாள். "அவர் சரியான எடத்துலதான் நின்னாரு. நான்தான் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டுத்தான் அங்க போனாரு."

ஓரியே நிமிரவில்லை. அடுத்த அறையில் யாரோ இருமினார்கள்.

"அந்த எண்ணை விடுன்னு சொன்னவ நான்" என்றாள் கிழவி கடைசியில். "எந்திரி."

மூடியை ஓரமாக வைத்தாள். பக்கத்தில் படுத்திருந்த சாப்ஸ்டிக் இரண்டையும் எடுத்தாள். முதல் தடவை சரிந்துவிட்டது. ஓரியே எழுந்து வந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, கினு அவற்றைச் சோற்றின் நடுவில் நட்டுக்குத்தாக நிறுத்தினாள்.